நன்னாரி சர்பத்துக்கு இருபது கோடி மதிப்பா?

கேள்வி: வணக்கம் சார். விருதுநகர் பக்கம் ஒரு சின்ன ஊரில் நானும் கணவரும் நன்னாரி சர்பத் தயாரித்து விற்கிறோம். மாமனார் நடத்திய சர்பத் கடையின் பெயரையே பிராண்டாக வைத்து ஐந்து வருடம் ஆகிறது. 700 மில்லி சர்பத் பாட்டில் எம்ஆர்பி 180 ரூபாய், அடக்கம் 78. போன வருடம் நன்னாரி சோடாவும் ஆரம்பித்தோம். 200 மில்லி 25 ரூபாய், அடக்கம் பத்தரை. இரண்டும் சேர்த்து ஆண்டு விற்பனை 62 லட்சம் (சர்பத் 45, சோடா 17). டிவியில் முதலீட்டாளர்கள் முன்னால் நின்று தொழிலைச் சொல்லிப் பணம் கேட்கும் தமிழ் நிகழ்ச்சி ஒன்றில் முதல் சுற்றில் தேர்வாகியிருக்கிறோம். 5 சதவீதப் பங்குக்கு 1 கோடி கேட்கலாம் என்கிறார் கணவர். பாட்டில் நிரப்பும் மிஷின், சென்னை சூப்பர் மார்க்கெட் எல்லாவற்றுக்கும் அது போதுமாம். கம்பெனியையே பிடுங்கிக்கொள்வார்கள், போகவே வேண்டாம் என்கிறார் கொழுந்தன். எவ்வளவு கேட்பது, எத்தனை சதவீதம் கொடுப்பது? எனக்கு இங்கிலீஷும் சரளமாக வராது.
ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்:

வணக்கம்மா. முதல் சுற்றில் தேர்வானதற்கு வாழ்த்துகள். நான் ஆடிட்டர். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் மாவு, மசாலா, ஊறுகாய், முறுக்கு, ஜூஸ் என்று சாப்பாட்டுத் தொழில் செய்கிறவர்கள். டிவிக்குப் போகலாமா என்று கேட்டு வருகிறவர்கள் இந்த மூன்று நான்கு வருடத்தில் கூடிவிட்டார்கள். எல்லோரும் நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள், எத்தனை சதவீதம் என்று. அதற்கும் பதில் சொல்கிறேன், ஆனால் கடைசியில். அதற்கு முன்னால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்தப் பத்தரை ரூபாய்.

25 ரூபாய் சோடாவுக்கு அடக்கம் பத்தரை, அப்படியானால் பதினாலரை ரூபாய் மிச்சம் என்று வீட்டில் கணக்குப் போட்டிருப்பீர்கள். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் போடுகிறார்கள். இப்போது என்னோடு சேர்ந்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து சர்க்கரையோ ஃபிளேவரோ சேர்த்த கேஸ் பானத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். எம்ஆர்பி என்பது வரியையும் சேர்த்த விலை, அதனால் 25 ரூபாய்க்குள் வரி மட்டும் 7 ரூபாய் 14 காசு. மிச்சம் 17.86. பெட்டிக்கடைக்காரருக்கு 4 ரூபாயாவது வேண்டும், இல்லையென்றால் உங்கள் பாட்டிலை ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் தள்ளிவிடுவார். ஏஜென்சிக்கு ஒன்றரை ரூபாய். உங்கள் கைக்கு வருவது 12.36. அதில் பத்தரை போனால் 1.86. கேஸ் இறங்கிப்போய் திரும்பி வருவது, வண்டியில் நசுங்குவது, சும்மா குடிக்கக் கொடுப்பது எல்லாம் சேர்த்து பாட்டிலுக்கு ஒரு ரூபாய் என்று வைத்தால் மிஞ்சுவது 86 காசு. அந்த 17 லட்சம் முழுக்க உங்கள் கைக்கு வந்த பணம் என்றே வைத்தாலும் வருடத்துக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 1.2 லட்சம். இதில் உங்கள் சம்பளமும் கணவர் சம்பளமும் இருக்கிறதா? இருக்காது என்று நினைக்கிறேன். குடும்பத் தொழிலில் யாரும் தனக்குச் சம்பளம் எழுதிக்கொள்வதில்லை. முதலீட்டாளர் அதை எழுதித்தான் பார்ப்பார்.

கடைக்காரர் பங்கும் ஏஜென்சி பங்கும் நான் பொதுவாகப் பார்க்கிற அளவை வைத்துச் சொன்னது, உங்கள் பில்லில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனாலும் பதினாலரை வராது. இன்னொன்று, சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்து ஒரு சதவீதம் கட்டிவிட்டுப் போகலாம் என்று யாராவது சொல்லியிருந்தால், கேஸ் பானம் தயாரிப்பவருக்கு அந்தத் திட்டமே கிடையாது. உங்கள் ஆடிட்டரிடம் இதை முதலில் கேட்டுவிடுங்கள். டிவியில் வந்தபிறகு தெரியவந்தால் சங்கடம்.

இப்போது சர்பத். அதே வேர், அதே சீனி, ஆனால் கேஸ் ஏற்றாமல் சர்பத்தாகப் பாட்டிலில் அடைத்தால் 5 சதவீத வரிதான். முன்பு 18 இருந்தது, அதே செப்டம்பர் மாற்றத்தில் குறைத்தார்கள். 180-க்குள் வரி 8.57, மிச்சம் 171.43. கடைக்கு 34, ஏஜென்சிக்கு 14 ஒதுக்கினால் கைக்கு 123 ரூபாய் சொச்சம், அடக்கம் 78 போனால் 45 ரூபாய் நிற்கிறது. ஒரு சர்பத் பாட்டிலில் மிஞ்சுவதைச் சோடாவில் எடுக்க ஐம்பது பாட்டிலுக்கு மேல் விற்க வேண்டும். இது தெரிந்தால் டிவியில் எதை முன்னால் வைத்துப் பேசுவது என்று தானாக முடிவாகிவிடும். இளைஞர்கள் சோடாதான் கேட்கிறார்கள், டிவியில் சோடாதான் பளிச்சென்று இருக்கும் என்று கணவர் சொல்லலாம். சொல்லட்டும். 200 மில்லி கேம்பா கோலாவை ரிலையன்ஸ் 2023-ல் 10 ரூபாய்க்கு இறக்கியது நினைவிருக்கிறதா? அந்த ஃப்ரிட்ஜில் உங்கள் 25 ரூபாய் பாட்டில் பக்கத்தில் நிற்க வேண்டும். சர்பத்துக்கு அந்த அளவு சண்டைக்காரர்கள் இல்லை, இருக்கிறவர்களும் பழைய கம்பெனிகள்தான்.

விருதுநகர் என்றதும் பொவண்டோவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதைத் தயாரிக்கும் காளிமார்க் 1916-ல் உங்கள் ஊரில் ஆரம்பித்த சோடா கம்பெனிதானே. "அடுத்த பொவண்டோ நாங்கள்தான்" என்று டிவியில் சொல்ல உங்கள் கணவருக்கு ஆசை இருக்கும், எனக்கே அந்த ஆசை வருகிறது. சொல்லட்டும், கைதட்டுவார்கள். ஆனால் அது நூறு வருடத்துக்கு மேல் ஒரு குடும்பம் மெதுவாக வளர்த்தது, மூன்று வருடத்தில் பத்து மடங்கு வேண்டும் என்று அவசரப்படுத்த வெளியாள் யாரும் பக்கத்தில் இல்லை. முதலீட்டாளர் பணம் அப்படி இல்லை. அவர் ஒருநாள் தன் பங்கை விற்றுவிட்டுப் போகத்தான் வருகிறார், அதில் தப்பும் இல்லை, அதுதான் அவர் தொழில். அந்த வேகத்துக்கு நீங்கள் இருவரும் தயாரா என்று டிவிக்காரர்கள் கேட்க மாட்டார்கள், நான் கேட்கிறேன்.

அடுத்தது 62 லட்சம். இது எந்தக் கணக்கு? எம்ஆர்பியைப் பாட்டில் எண்ணிக்கையால் பெருக்கியதா, நீங்கள் ஏஜென்சிக்குப் போட்ட பில்லின் கூட்டலா? சர்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 25,000 பாட்டிலை 180-ஆல் பெருக்கினால் 45 லட்சம். ஆனால் பாட்டிலுக்கு 123 வீதம் உங்களுக்கு வந்தது 30.75 லட்சம்தான். டிவியில் 45 என்று சொல்லிவிட்டு ஜிஎஸ்டி ரிட்டர்னில் 31 இருந்தால் அவர்கள் பார்வையில் நீங்கள் பொய் சொன்னவர். அப்புறம், பஸ் ஸ்டாண்ட் கடை, கோயில் திருவிழா, கல்யாண ஆர்டர் இதெல்லாம் பில் இல்லாமல் ரொக்கமாகப் போயிருக்கும். அதைச் சேர்த்துச் சொல்லாதீர்கள். பில்லில் இல்லாத விற்பனை முதலீட்டாளரைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை, வரி அதிகாரியைப் பொறுத்தவரை மட்டும் நடந்திருக்கிறது. கேமரா முன்னால் அதைச் சொல்வது இரண்டு பக்கமும் அடி.

கொழுந்தன் சொன்ன பயத்துக்கு வருகிறேன். கம்பெனியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்கிறார். எனக்கு முதலில் வந்த சந்தேகமே வேறு, பிடுங்க அங்கே கம்பெனி இருக்கிறதா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் கணவர் பெயரில் புரொப்ரைட்டராக, அதாவது அவர் ஒருவரே முழு உரிமையாளராக நடத்துகிறீர்கள் போலிருக்கிறது. அப்படியானால் உங்களிடம் விற்கப் பங்கே இல்லை. 5 சதவீதமும் கிடையாது, 50 சதவீதமும் கிடையாது. பிரைவேட் லிமிடெட் ஆரம்பித்து, தொழிலை அதற்கு மாற்றி, உணவுப் பாதுகாப்பு உரிமம், ஜிஎஸ்டி, பேங்க் கணக்கு எல்லாம் கம்பெனி பெயருக்கு வந்தபிறகுதான் ஷேர் என்ற பேச்சு. டிவியில் கைகொடுத்தபிறகு இதை ஆரம்பித்தால் மாதக்கணக்கில் இழுக்கும், அதற்குள் எதிர்ப்பக்கத்து ஆர்வம் ஆறிப்போகும்.

பெயர் விஷயம் இதைவிடப் பெரியது. மாமனார் கடைப் பெயர் என்கிறீர்கள். அந்தப் பெயர் யாருடையது? மாமனார் உயில் எழுதியிருக்கிறாரா? கொழுந்தன் இன்னமும் அந்தக் கடையை நடத்துகிறாரா? நாத்தனார் உண்டா? நான் பார்த்தவரை சாப்பாட்டு பிராண்டுகளில் முதலீட்டாளர் பின்வாங்குவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று இது. ருசி பிடித்து, கணக்கும் பிடித்து, கடைசியில் பெயர் பெரியப்பா மகன் பேரில் பதிவாகியிருக்கிறது என்று தெரிந்து எழுந்துபோய்விடுவார்கள். டிரேட்மார்க்கில் சர்பத், சோடா இரண்டும் 32-ஆம் வகுப்பு. தனி ஆளோ சிறு நிறுவனமோ ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்தான் கட்டணம். நன்னாரி என்ற சொல் யாருக்கும் சொந்தமாகாது, கடைப் பெயரைத்தான் பதிய முடியும். ஆனால் விண்ணப்பிப்பதற்கு முன்னால் கொழுந்தனைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள். அவர் "போகவே வேண்டாம்" என்று சொல்வதில் முதலீட்டாளர் மேல் உள்ள பயம் பாதிதான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பா பெயரை வைத்து அண்ணன் மட்டும் டிவியில் வரப்போகிறாரே என்பது மீதிப் பாதியாக இருக்கலாம். நான் சொன்னது தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள், ஆனால் கேட்டுப் பாருங்கள். அவருக்கு ஒரு சின்னப் பங்கோ, பெயருக்கு ஒரு தொகையோ எழுத்தில் கொடுத்து இப்போதே முடித்துக்கொள்வது மலிவு. டிவியில் வந்த மறுநாள் அந்தப் பெயரின் விலை வேறு.

இந்த நிகழ்ச்சிகள் எப்படிப்பட்டவை என்றும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். ஜப்பானில் 2001-ல் ஆரம்பித்த வடிவம் இது, அங்கிருந்து பிரிட்டன், அமெரிக்கா என்று சுற்றி, 2021 டிசம்பரில் ஷார்க் டேங்க் இந்தியாவாக இங்கே வந்தது, இப்போது தமிழிலும் வந்துவிட்டது. அடிப்படையில் இது டிவி நிகழ்ச்சி. உங்களோடு ஒரு மணி நேரம் பேசியதில் பத்து நிமிடம்தான் ஒளிபரப்பாகும், எந்தப் பத்து நிமிடம் என்பது உங்கள் கையில் இல்லை. திரையில் கைகொடுத்துக் கட்டிப்பிடித்த ஒப்பந்தங்களில் பல பிறகு கணக்குச் சரிபார்க்கும்போது மாறியிருக்கின்றன, சில நடக்காமலே போயிருக்கின்றன. அதனால் ஒளிபரப்பான இரவு சொந்தக்காரர்கள் எல்லோரும் போன் செய்து "கோடீஸ்வரி" என்று கிண்டல் செய்யும்போது பேங்கில் ஒரு ரூபாய்கூட வந்திருக்காது. அந்த நம்பிக்கையில் மிஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

கையெழுத்துக்கு வரும் காகிதத்தை முழுசாகப் படியுங்கள். அமெரிக்க ஷார்க் டேங்கில் ஆரம்ப காலத்தில், மேடைக்கு வந்தவர் எல்லோரும் தயாரிப்புத் தரப்புக்கு 5 சதவீதப் பங்கோ லாபத்தில் 2 சதவீதமோ தரவேண்டும் என்று ஒரு விதி இருந்தது, முதலீடு கிடைக்காதவர்களும்கூட. அங்கே முதலீட்டாளராக இருந்த மார்க் கியூபன் பிடிவாதம் பிடித்து அதை எடுக்க வைத்தார். உங்கள் நிகழ்ச்சியில் அப்படி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருக்கிறதா என்று பாருங்கள் என்கிறேன்.

சரி, சதவீதம். 5 சதவீதத்துக்கு 1 கோடி என்றால் உங்கள் தொழிலின் மொத்த மதிப்பு 20 கோடி என்று அர்த்தம். 62 லட்சம் விற்பனைக்கு 32 மடங்கு. இதைக் கேட்டதும் அவர்கள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு நிச்சயம் ஒளிபரப்பாகும். பழைய உதாரணம் இரண்டைப் பாருங்கள். ஷார்க் டேங்க் இந்தியாவின் முதல் சீசனில் மோடிநகரிலிருந்து ஜெயின் ஷிகஞ்சி என்ற எலுமிச்சைப் பானக் குடும்பம் வந்தது, தாத்தா காலத்துக் கடை, உங்களை மாதிரிதான். 8 சதவீதத்துக்கு 40 லட்சம் கேட்டார்கள், அதாவது மதிப்பு 5 கோடி. கிடைத்தது அதே 40 லட்சம், ஆனால் 30 சதவீதத்துக்கு. மதிப்பு 1.33 கோடியாக இறங்கியது. அதே சீசனில் ஐஸ் குச்சி விற்கும் ஹைதராபாத் ஸ்கிப்பி 5 சதவீதத்துக்கு 45 லட்சம் கேட்டது, மதிப்பு 9 கோடி. கடைசியில் ஐந்து பேரும் சேர்ந்து 15 சதவீதத்துக்கு 1 கோடி கொடுத்தார்கள், மதிப்பு 6.67 கோடி. இரண்டிலும் கேட்ட மதிப்பு கிடைக்கவில்லை. எவ்வளவு இறங்கியது என்பதில்தான் வித்தியாசம். ஸ்கிப்பிக்குக் கால்வாசி இறங்கியது, ஷிகஞ்சிக்கு முக்கால்வாசி.

உங்களுக்கு நான் சொல்வது 10 சதவீதத்துக்கு 30 லட்சம். மதிப்பு 3 கோடி, விற்பனையில் ஐந்து மடங்குக்கும் கொஞ்சம் கீழே. இந்த அளவுத் தொழிலுக்கு அதுவே தாராளம்தான், ஆனால் சர்பத்தில் நிற்கும் 45 ரூபாயைக் காட்டினால் வாதாட முடியும். உள்ளே போகும்முன் நீங்களும் கணவரும் ஒரு எல்லை முடிவு செய்யுங்கள், 15 வரை சந்தோஷம், 20-க்கு மேல் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவது என்று. அங்கே நின்றுகொண்டு முடிவு செய்ய முடியாது. லைட் கண்ணைக் கூசும், ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், "பத்து நொடியில் சொல்லுங்கள்" என்பார்கள். வீட்டிலேயே முடிவு செய்தவர் மட்டும்தான் அந்தப் பத்து நொடியில் பேச முடியும்.

ஏன் 1 கோடி வேண்டாம், 30 லட்சம் போதும் என்கிறேன் என்றால், மிஷினுக்குப் பங்கை விற்காதீர்கள். மிஷினுக்கு பேங்க் கடன் கொடுக்கும், அது முடிந்தால் போய்விடும். பங்கு போனால் போனதுதான். சிறு உணவுத் தொழிலுக்கு பிஎம்எஃப்எம்இ என்ற மத்தியத் திட்டம் 2020-ல் வந்தது, திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை கடனோடு சேர்ந்த மானியம். இப்போது புது விண்ணப்பம் வாங்குகிறார்களா, இல்லையென்றால் மாநில அரசில் வேறென்ன இருக்கிறது என்று மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு நடை போய்க் கேளுங்கள். முதலீட்டாளர் பணம் சரக்குக்கும் விளம்பரத்துக்கும் சென்னைக்கும்தான். சென்னை சூப்பர் மார்க்கெட் என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். அவர்கள் தட்டில் இடம் கொடுக்கவே பணம் கேட்பார்கள், சரக்கு எடுத்து ஒன்றரை, இரண்டு மாதம் கழித்துத்தான் பணம் வரும், விற்காததைத் திருப்பியும் அனுப்புவார்கள். உங்கள் 30 லட்சத்தில் பெரிய பகுதி இந்த இடைவெளியில்தான் மாட்டி நிற்கும்.

ராயல்டி என்று ஒருவர் ஆரம்பிப்பார், அதைக் கவனியுங்கள். அமெரிக்க ஷார்க் டேங்க் முதலீட்டாளர் கெவின் ஓ'லியரி இதற்கே பேர்போனவர். "எனக்குப் பங்கு குறைவாகப் போதும், போட்ட பணம் திரும்பும்வரை பாட்டிலுக்கு ஒரு ரூபாய் கொடுங்கள்" என்பார்கள். கேட்க இனிப்பாக இருக்கும். உங்கள் சோடாவில் நிற்பது 86 காசு. புரிந்ததா? விற்க விற்க நஷ்டம். சர்பத் பாட்டிலுக்கு மட்டும் என்றால் யோசிக்கலாம். பாதி பங்கு, பாதி கடன் என்றும் கேட்பார்கள், அப்போது வட்டி எவ்வளவு, வீட்டுப் பத்திரமோ சொந்த உத்தரவாதமோ கேட்பார்களா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். கேமரா முன்னால் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

வேரைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். நன்னாரி பெரும்பாலும் காட்டிலும் மலையடிவாரத்திலும் தோண்டி எடுத்து வருவதுதான், தோட்டமாகப் போடுவது குறைவு. நன்னாரி என்ற பெயரில் மாகாளிக் கிழங்கு கலந்து வருவதும் உண்டு. வாசனை கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும், ஊறுகாய் போடுகிற வீட்டில் பிறந்தவர் மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். நீங்கள் யாரிடம் வாங்குகிறீர்கள், வருடத்துக்கு எத்தனை கிலோ, விற்பனை ஐந்து மடங்கானால் வேர் கிடைக்குமா, விலை ஏறினால் 78 எங்கே போகும்? இதற்குப் பதில் இருந்தால் மற்றவர்களைவிட நீங்கள் பத்து அடி முன்னால். மாதவாரி விற்பனையையும் எடுத்துக்கொண்டு போங்கள். பங்குனி சித்திரையில் ஏறி, ஐப்பசி கார்த்திகையில் படுத்துவிடும் தொழில் இது, அதை மறைக்க முடியாது. மழைக்காலத்தில் ஆட்களுக்கு எப்படிச் சம்பளம் கொடுக்கிறீர்கள் என்று நீங்களே எடுத்துச் சொன்னால் நம்புவார்கள்.

லேபிளில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஊரில் பார்க்கும் நன்னாரி பாட்டில்களை வைத்து ஊகிக்க முடிகிறது. ரத்தத்தைச் சுத்தம் செய்யும், கல்லைக் கரைக்கும், சர்க்கரைக்கு நல்லது என்று ஏதாவது இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று எழுத அனுமதி இல்லை, அதுவும் முக்கால் பாட்டில் சீனிப் பாகில் சர்க்கரைக்கு நல்லது என்று எழுதுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வரும். 2024-ல் 100 சதவீதப் பழச்சாறு என்று போடக்கூடாது என்றது உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2025 அக்டோபரில் சாதாரண பானங்களில் ஓஆர்எஸ் என்ற சொல்லையே எடுக்கச் சொன்னது. பெரிய கம்பெனிகளே லேபிளை மாற்ற வேண்டியிருந்தது. டிவியில் வந்தால் உங்கள் பாட்டிலை வாங்கி லேபிளைப் பெரிதாக்கி வீடியோ போட ஆட்கள் தயாராக இருப்பார்கள். 14 இலக்க உரிம எண், பச்சைப் புள்ளி, 100 மில்லிக்கு எவ்வளவு சர்க்கரை என்ற அட்டவணை எல்லாம் சரியாக இருக்கிறதா பாருங்கள். பாட்டில் எத்தனை மாதம் தாங்கும் என்பதைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து எழுத்தில் வாங்குங்கள். தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, மைசூரில் சிஎஃப்டிஆர்ஐ என்ற உணவு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. "எங்கள் மாமனார் காலத்தில் ஒரு வருடம் கெடாது" என்பது பதில் இல்லை.

இங்கிலீஷைப் பற்றிக் கவலையே வேண்டாம். தமிழ் நிகழ்ச்சி, தமிழில் பேசுங்கள். அவர்கள் கிராஸ் மார்ஜின் என்பார்கள், அது நாம் மேலே போட்ட 45 ரூபாய்க் கணக்குதான். ரிப்பீட் என்பார்கள், ஒருமுறை வாங்கியவர் மறுபடி வாங்குகிறாரா என்பது. அதற்குப் பத்துக் கடைக்காரர்களிடம் போய் மாதாமாதம் எத்தனை பாட்டில் மறு ஆர்டர் என்று இந்த வாரமே எழுதி வாங்குங்கள். பிரிட்டன் நிகழ்ச்சியில் 2007-ல் லீவை ரூட்ஸ் என்பவர் வீட்டில் செய்த சாஸைக் கொண்டுவந்தார். கிட்டார் வாசித்துப் பாட்டுப் பாடினார், கையிலிருந்த ஆர்டரை 2,500 என்பதற்குப் பதில் 25 லட்சம் என்று தப்பாகச் சொன்னார், கண்டுபிடித்துவிட்டார்கள். இருந்தும் இரண்டு பேர் சேர்ந்து 40 சதவீதத்துக்கு 50,000 பவுண்ட் கொடுத்தார்கள். வருடக்கணக்கில் லண்டன் நாட்டிங் ஹில் திருவிழாவில் வரிசையில் நின்று ஜனம் வாங்கிச் சாப்பிட்ட சாஸ் அது, அதனால் தப்பித்தார். உங்களுக்கு அந்த வரிசைக்குச் சமம் இந்தப் பத்துக் கடைக் கணக்கு. எண்ணை மட்டும் மாற்றிச் சொல்லாதீர்கள், பாட்டுப் பாடாதவர்களை அவ்வளவு சுலபமாக மன்னிக்க மாட்டார்கள்.

ஒளிபரப்புக்குப் பிந்தைய வாரத்தைப் பற்றி என் அனுபவம் ஒன்று. என்னிடம் வரும் ஊறுகாய் வியாபாரி ஒருவர் இப்படி ஒரு நிகழ்ச்சியில் வந்தார். முதலீடு கிடைக்கவில்லை, ஆனால் மூன்று நாளில் நாலாயிரத்துக்கு மேல் ஆர்டர். கையில் இருந்தது அறுநூறு பாட்டில். ராத்திரி பகலாகப் போட்டு அனுப்பியதில் கண்ணாடி பாட்டில் கூரியரில் உடைந்து, எண்ணெய் கசிந்து, பணத்தைத் திருப்பிக் கேட்டு சண்டை. அடுத்த மாதம் அவசரத்தில் பத்தாயிரம் பாட்டில் செய்து வைத்தார், அதற்குள் டிவி மறந்துபோய் ஆர்டர் பழைய நிலைக்கு வந்துவிட்டது. அந்தச் சரக்கைத் தள்ள ஏழு மாதம் ஆனது அவருக்கு. உங்கள் சர்பத் கண்ணாடியிலா பிளாஸ்டிக்கிலா என்று நீங்கள் எழுதவில்லை. கண்ணாடி என்றால் கூரியருக்கு என்று தனியாக ஒரு பேக்கிங் இப்போதே முயன்று, பத்து பாட்டிலைச் சென்னைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிப் பாருங்கள். ஒருவருக்கு இரண்டு பாட்டில், பதினைந்து நாளில் வரும் என்று முதலிலேயே எழுதிவைத்து ஆர்டர் எடுத்தால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

ஆக, போங்கள். முதலீடு கிடைக்காவிட்டாலும் அந்தப் பத்து நிமிட விளம்பரத்துக்கு நீங்கள் காசு கொடுத்தால் கட்டுப்படியாகாது. ஆனால் கொழுந்தனோடு பேச்சு, கம்பெனிப் பதிவு, டிரேட்மார்க் விண்ணப்பம், பாட்டில் கணக்கு, இந்த நாலும் முடியாமல் போகாதீர்கள். படப்பிடிப்புத் தேதி நெருங்கிவிட்டால் அடுத்த சீசனுக்குத் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பலமுறை விண்ணப்பித்து வந்தவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, படப்பிடிப்பு அன்று ஐஸ் பெட்டி இரண்டு எடுத்துக்கொண்டு போங்கள். காலை எட்டு மணிக்கு வரச்சொல்வார்கள், உங்கள் முறை சாயங்காலம் ஆறு மணிக்கு வரும். சர்பத்தை எந்த அளவுக்குத் தண்ணீர் விட்டு, எத்தனை சொட்டு எலுமிச்சை பிழிந்து கொடுக்க வேண்டும் என்று அளவு டம்ளர் வைத்து நீங்களே கலந்து கொடுங்கள், அங்கே உதவிக்கு நிற்கும் பையனிடம் விட்டுவிடாதீர்கள்.